பத்தாவது குழி

குறும்பாறை மலையில் யூதர்கள் வெட்டிய கோல்ஃப் மைதானத்தில் பத்துக் குழிகள் இருந்தன. உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் அந்த ஆட்டத்துக்கு ஒன்பது குழி, விட்டால் பதினெட்டுக் குழி, பத்து என்று ஒரு கணக்கே கிடையாது என்பது அந்த மலையில் பந்து பொறுக்கியவர்களுக்குக்கூடத் தெரியும். ஆனாலும் அவர்கள் பத்துதான் வெட்டினார்கள். மேட்டுச் சாலையில் இருந்த வெள்ளைக்காரர்களின் கிளப்பில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தக் கிளப்பில் சேர யூதர்கள் எழுதிய விண்ணப்பங்களுக்கு மறுப்பும் வராது, சம்மதமும் வராது. மதம் என்ற இடத்தில் அவர்கள் எழுதிய ஒரு சொல்லைப் பார்த்ததும் காகிதம் எங்கோ போய்விடும். நான்கு வருஷம் பதிலுக்குக் காத்திருந்த பிறகு, பாக்தாதிலிருந்து பம்பாய்க்கும் பம்பாயிலிருந்து கொச்சிக்கும் கொச்சியிலிருந்து இந்த மலைக்கும் ஏறி வந்து தைல எண்ணெயும் தேயிலைப் பெட்டியும் கைக்கடிகாரமும் விற்றுக்கொண்டிருந்த அந்தக் குடும்பங்கள், ஒரு சதுப்பு நிலத்தை அரசாங்கத்திடம் குத்தகைக்கு வாங்கி, தண்ணீரை வடித்து, புல் போட்டு, தங்களுக்கென்று ஒரு கிளப் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு குழிக்கும் ஒருவர் முதல் மண்வெட்டி போட்டார். மிச்சத்தை வெட்டியவர்கள் கூலிகள். கட்டிடம் முன்பே எழும்பியிருந்தது, குழிகள் முடிந்ததும் வேலி எழும்பியது. வேலி எழும்பியதும் முன்வாசல் அவர்களுக்கு, பின்வாசல் பை தூக்குகிறவர்களுக்கு என்று ஆயிற்று.

"தன்னை வெளியே நிறுத்தியவனின் சுவரை அளந்து பார்த்து, அதே உயரத்தில் இன்னொரு சுவர் கட்டிக்கொண்டவர்கள்" என்று பிற்காலத்தில் ஒரு துண்டுப் பிரசுரத்தில் எழுதினார் சன்னாசி. அதை எழுதும்போது அவருக்கு வயது இருபத்தாறு. பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவர். மிச்சப் படிப்பை சங்க அலுவலகத்தில் கட்டுக்கட்டாக வந்து இறங்கிய பிரசுரங்களில் படித்தவர். அவருடைய அப்பா இருளப்பன் அந்த மைதானத்தில் நாற்பது வருஷம் பை தூக்கியவர், புல் வெட்டியவர், கொடிக்குச்சி நட்டவர். சன்னாசி எந்த மேடையில் ஏறினாலும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "என் அப்பன் நாற்பது வருஷம் அவர்கள் பையைச் சுமந்தான், அந்தக் கட்டிடத்துக்குள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், உட்கார்ந்ததில்லை." அந்த வாக்கியத்துக்கு மலைத் தொழிலாளர்கள் கை தட்டிய சத்தத்தில் ஒருமுறை போலீஸ் ஜீப்பில் கட்டியிருந்த கிளி ஒன்று செத்துப்போனதாக ஒரு பேச்சு உண்டு. அது பொய்யாக இருக்கலாம். வாக்கியம் உண்மை என்று எல்லாரும் நம்பினார்கள், சன்னாசி உட்பட.

சன்னாசி கைக்குழந்தையாக இருந்தபோது மூன்றாவது குழி காணாமல் போனது. முந்தின நாள் நாஸிம் குடும்பம், புதிதாக உண்டான தங்கள் நாட்டுக்குப் போக, ஒன்பது பெட்டிகளோடு பஸ் ஏறியிருந்தது. விடிந்ததும் இருளப்பன் கொடிக்குச்சியை எடுத்துக்கொண்டு மூன்றாவது குழிக்குப் போனார், குழி இல்லை. மண் தள்ளி மூடிய அடையாளம் இல்லை, புல் வேறு நிறத்தில் இல்லை, எப்போதும் அப்படியே இருந்ததுபோல் தரை பனியில் நனைந்து கிடந்தது. அவர் கொஞ்ச நேரம் குச்சியோடு நின்றுவிட்டு, குச்சியைத் திரும்பக் கொண்டுபோய் அறையில் வைத்துவிட்டு, செயலாளரிடம் மூன்று போய்விட்டது என்று சொன்னார். செயலாளர் அச்சகத்துக்கு ஆள் அனுப்பி ஆட்டச் சீட்டை மாற்றி அடிக்கச் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது.

அதே இடத்தில் புதுக் குழி வெட்டிப் பார்த்தார்கள். மறுநாளைக்குள் சிராய்ப்பு ஆறுவதுபோல் ஆறிவிட்டது. இரண்டடி தள்ளி வெட்டினார்கள், அதுவும் ஆறியது. சிமெண்டுக் குழாய் இறக்கினார்கள். குழாய் வெளியே வந்து கிடந்தது. விவசாயக் கல்லூரியிலிருந்து ஒருவர் வந்து மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய், மண் நன்றாக இருக்கிறது என்று கடிதம் எழுதினார். எட்டு மாதம் கழித்து நாஸிமிடமிருந்து வந்த கடிதத்தில், தங்களுக்கு ஒதுக்கிய அடுக்குமாடிக் கட்டிடத்தின் பின்பக்கம், துணி காயப்போடும் இடத்தில், நாலு விரல் அகலத்துக்குச் சற்றே பெரிய ஒரு வட்டக் குழி இருப்பதாகவும், அந்த நாட்டில் தைல மரமே இல்லாத தெருவில் அந்தக் குழி மட்டும் மழைக்குப் பிறகு தைல வாசம் அடிப்பதாகவும் எழுதியிருந்தது. கடிதத்தைக் கிளப்பில் சத்தமாகப் படித்தார்கள். யாரும் வியக்கவில்லை, போகிறவன் தன் குழியை எடுத்துக்கொண்டு போகிறான், இதில் என்ன இருக்கிறது.

பிறகு ஏழாவது போயிற்று, பிறகு ஒன்றும் ஐந்தும் ஒரே மாதத்தில். கல்கத்தாவுக்குப் போனவர்களுடையது கல்கத்தாவுக்கு, லண்டனுக்குப் போனவர்களுடையது லண்டனுக்கு. ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. ஆட்டக்காரர்கள் போன குழியின் இடத்துக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடந்து போனார்கள். பை தூக்குகிறவர்கள் அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். அரபு நாட்டுக்குப் போன மகனிடமிருந்து கடிதம் வராத தாய்மார்கள் சிலர் பின்வாசல் வழியாக வந்து மூன்றாவது குழி இருந்த இடத்தில் காதை வைத்துப் படுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னார்கள், ஆனால் மறுவாரமும் வந்தார்கள். நகராட்சி தன் வருடாந்தர அறிக்கையில் தெருவிளக்கு, சாக்கடை, குழாய் என்பவற்றுக்குக் கீழே குழிகள் என்று ஒரு வரி சேர்த்து, இருப்பு ஆறு என்று எழுதியது.

இன்னொன்றையும் பை தூக்குகிறவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போவதென்று உள்ளூர முடிவு செய்த அன்றே அதன் குழி ஆழம் குறையத் தொடங்கும். முழங்கை வரை போகிற கை மணிக்கட்டு வரைதான் போகும், பிறகு விரல்கள் மட்டும். அதனால் யூத வீடுகளில் ரகசியம் என்று ஒன்று இல்லாமல் போனது. தன் கணவன் கப்பல் சீட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறான் என்பதை எலியாஸின் மனைவி தன் வீட்டு வாசலில் பால் ஊற்ற வந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அன்று அந்த வீட்டில் பாத்திரங்கள் பறந்தன. யாருடைய குழி எது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பத்துக் குழி, ஆகையால் பத்துக் குடும்பம் என்று ஊர் வைத்துக்கொண்டது. ஊர் எண்ணியது குழிகளை. யூதர்களை யாரும் எண்ணியதில்லை.

சன்னாசி சங்கம் வைத்தபோது ஐந்து குழிகள் இருந்தன. முன்வாசல் போராட்டத்தில் அவர் வாசலில் குறுக்கே படுத்து, நாற்பத்தொரு நாள் சிறையில் இருந்து, இடது தோள்பட்டை இறங்கி வந்தார். பதினான்கு வருஷம் இழுத்த போராட்டத்தின் முடிவில், முன்வாசல் எல்லாருக்கும் பொது, திங்கட்கிழமைகளில் தொழிலாளர்களும் ஆடலாம் என்று ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தானபோது மூன்று குழிகளே இருந்தன, எதிரே கையெழுத்துப் போட ஒரு கிழவர் மட்டும் வந்திருந்தார். ஜெயித்த அன்று சன்னாசி முன்வாசல் வழியாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார். உள்ளே தோற்றுப்போக ஆளில்லை. அவர் ஒரு பந்தைக்கூட அடிக்கவில்லை; அன்று மட்டுமில்லை, என்றைக்கும். அந்தக் கோபம் அவரிடமே தங்கிவிட்டது, விலாசத்துக்குப் போய்ச் சேராமல் திரும்பி வந்த தபால்போல.

கடைசியில் நான்கும் பத்தும் மிஞ்சின. யூதர்களில் மொஸெல் ஹஸ்கல் மிஞ்சினார், தைல எண்ணெய் எஸ்ராவின் விதவை, எண்பத்துநாலு வயது. மைதானத்தின் ஓரத்தில் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பின் லைன் வீட்டுக்காரர்கள் அவரை மொசலம்மா என்றார்கள். ஒரு குழி அந்த அம்மாவுடையது, இன்னொன்று செத்துப்போன எஸ்ராவுடையது என்று ஊர் வைத்துக்கொண்டது. சுற்றுலா வந்தவர்களும் வனத்துறை அதிகாரிகளும் இரண்டு குழிகளுக்கும் மாறி மாறி அடித்தார்கள். இருபத்திரண்டு லைன் வீட்டுக் குடும்பங்கள் அதில் பிழைத்தன. குத்தகைப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: மைதானத்தில் ஒரு குழியாவது இருக்க வேண்டும், கிளப்பை நிறுவிய குடும்பங்களில் ஒருவராவது உறுப்பினராக இருக்க வேண்டும், இரண்டில் எது இல்லாவிட்டாலும் நிலம் அரசாங்கத்துக்கு, நிலத்தின் மேல் உள்ள வீடுகள் தரைமட்டத்துக்கு. சொகுசு விடுதி கட்டுகிற ஒரு கம்பெனி ஏற்கெனவே படம் வரைந்து வைத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தது.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் மைதானக் காவல்காரர் அந்தோணிராசு நான்காவது குழியில் கையை விட்டுப் பார்த்தார். மணிக்கட்டு வரைதான் போனது.

அன்று மதியமே லைன் வீட்டு ஆட்கள் சன்னாசியின் வாசலில் கூடிவிட்டார்கள். மொசலம்மா மகளிடம், அவர்கள் நாட்டில் உள்ள ஹைஃபாவுக்குப் போகப் போகிறார். அவர் போனால் இரண்டு குழியும் போகும். குழி போனால் வீடு போகும். தோழர்தான் பேச வேண்டும். சன்னாசிக்கு அப்போது எழுபத்தாறு வயது. மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம், ஒரே மகள் செம்மலர் திருப்பூரில். முதலாளியிடம் தான் எதையும் வேண்டிக் கேட்டதில்லை, கோரிக்கை வைத்துத்தான் பழக்கம் என்றார். அப்படியென்றால் கோரிக்கை வையுங்கள் என்றார் அந்தோணிராசு. ஒரு கிழவி தன் மகளோடு இருக்கப் போவதை எதிர்த்து எந்தச் சட்டத்தின் கீழ் கோரிக்கை வைப்பது என்று கேட்டார் சன்னாசி.  மூன்று நாள் அவர் போகவில்லை. நான்காவது நாள் விரல்கள் மட்டும்தான் குழிக்குள் போகின்றன என்று வந்து சொன்னார்கள். வெள்ளைச் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

மொஸெல் கூடத்தில் பெட்டிகளுக்கு நடுவே நின்று ஒரு துணிக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சன்னாசி. எத்தனை கோரிக்கை, பத்தா, பன்னெண்டா?"

"ஒண்ணுதான், மிஸஸ் ஹஸ்கல்."

"ஒண்ணா? அடடா, உங்களுக்கும் வயசாயிடுச்சு."

நீங்கள் போகக் கூடாது என்றார் சன்னாசி. காரணங்களைச் சொன்னார்: இருபத்திரண்டு குடும்பம், நூற்றுப் பதினோரு பேர், மூன்று தலைமுறை. மேடையில் பேசுகிற வேகத்தில் சொல்லிவிட்டு நிறுத்தினார். அந்த அம்மா கையில் இருந்த துணியை மடித்து வைத்தார்.

"இது கோரிக்கையா, இல்ல கெஞ்சுறீங்களா?"

"கெஞ்சுறேன்னே வச்சுக்குங்க."

"வச்சுக்க மாட்டேன். சொல்லுங்க."

சன்னாசி சுவரைப் பார்த்தார். சிறையில் தோள்பட்டையை இறக்கியபோதும் அந்த வார்த்தையைத்தான் கேட்டார்கள், சொல்லவில்லை. இப்போது அவர் பின்னால் நூற்றுப் பதினோரு பேர் நின்றார்கள், கண்ணுக்குத் தெரியாமல், மூச்சுவிடாமல்.

"கெஞ்சுறேன்."

மொஸெல் சிரிக்கவில்லை. துணிக்கட்டிலிருந்து ஒரு கற்றைக் காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். மஞ்சள், ரோஸ், பச்சை. ஐம்பது வருஷத்துத் துண்டுப் பிரசுரங்கள், ஒன்றுகூட விடாமல். "எல்லாத்திலயும் எஸ்ராவின் மனைவி, எஸ்ராவின் மனைவின்னே போட்டிருக்கீங்க. என் பேரு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்."

"பின்ன?"

"நோட்டீஸ்ல இடம் இல்ல" என்றார் சன்னாசி. அது எவ்வளவு கேவலமான பதில் என்று சொன்ன பிறகு தெரிந்தது.

எஸ்ரா போய் எட்டு வருஷம் ஆகிறது என்றார் மொஸெல். எட்டு வருஷத்தில் குழியின் ஆழத்தைக் கேட்டுப் பலபேர் வந்தார்கள்; அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு வந்தவர்களும் குழிக்காகவே வந்தார்கள். சாப்பிட்டீங்களா என்று ஒருவர் கேட்டதில்லை. தினமும் நூறு கண் தன்னைப் பார்க்கிறது, ஒரு வாய் தன்னோடு பேசுவதில்லை. அதனால் போகிறேன், நீங்கள் கெஞ்சினாலும் போகிறேன். ஆனால் கெஞ்சியதற்கு ஒன்று தருகிறேன் என்றார்.

"நாங்க ஒன்பது குடும்பம்தான், சன்னாசி."

அவருக்குப் புரியவில்லை. அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். அவர்களுடைய மதத்தில் பத்து ஆண்கள் கூடினால்தான் சில தொழுகைகளைச் சொல்ல முடியும். செத்தவர்களுக்காகச் சொல்கிற பிரார்த்தனை அதில் ஒன்று. கிளப் தொடங்கிய காலத்தில் கட்டிடத்தின் பின்னறைதான் தொழுகை அறை. குடும்பத்துக்கு ஒருவராக வயதுவந்த ஆண்கள் ஒன்பது பேர்தான். நாஸிமின் தாய் செத்தபோது பிரார்த்தனை சொல்ல ஆள் குறைந்தது. நாஸிம் வெளியே போய், புல் வெட்டிக்கொண்டிருந்த இருளப்பனைக் கூட்டிவந்து, தலையில் தொப்பி வைத்து, கடைசி வரிசையில் உட்கார வைத்து, மற்றவர்கள் ஆமேன் சொல்லும்போது நீயும் சொல் என்றார். வேற்று மதத்தானை எண்ணுவது அவர்கள் சட்டப்படி செல்லாது, பெரிய தவறு. தவறென்று தெரிந்தே எண்ணினார்கள். ஒருமுறை எண்ணியவர்கள் பதினோரு வருஷம் எண்ணினார்கள், சனிக்கிழமை தவறாமல். அதற்கிடையில் குழி வெட்டும் நாள் வந்தபோது, ஒன்பதோடு நிறுத்தினால் கடவுளுக்கு முன்னால் பொய் சொன்னதாகிவிடும் என்று பயந்து, பத்தாவதற்கு இருளப்பனை முதல் மண்வெட்டி போடச் சொன்னார்கள். பிறகு நாஸிமின் மகனுக்குப் பதின்மூன்று வயது நிரம்பிப் பத்தாவது ஆளாகிவிட்டான். இனிமேல் வர வேண்டாம் என்று இருளப்பனிடம் சொல்லிவிட்டார்கள்.

"கல்யாணமாகி வந்தப்ப என் மாமியார் சொன்னாங்க. அவங்க பக்கத்து அறையில உட்கார்ந்திருப்பாங்களாம். பொம்பளைங்க எண்ணிக்கையில வர மாட்டாங்க. அவங்களை எண்ணல, என்னையும் ஒருநாளும் எண்ணல. உங்க அப்பாவை எண்ணினாங்க."

"எங்கப்பா ஒரு வார்த்தை சொல்லலையே."

"அவருக்குத் தெரியாது. வெள்ளிச் சாமானுக்குக் காவலா உட்கார வைக்கிறாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தாராம்."

சன்னாசிக்குத் தன் வாக்கியம் நினைவுக்கு வந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், உட்கார்ந்ததில்லை. எத்தனை மேடை, எத்தனை ஊர்வலம். அந்த வாக்கியத்தை நம்பித்தான் அவர் வாசலில் படுத்தார், அதை நம்பித்தான் மனிதர்கள் அவர் பக்கத்தில் படுத்தார்கள். இப்போது அது பொய். ஆனால் உண்மையோ பொய்யைவிட மோசமாக இருந்தது. பதினோரு வருஷம் உட்கார வைத்திருக்கிறார்கள், எதற்கென்று சொல்லாமல்.

"சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொன்னா உறுப்பினர் ஆயிடுவாரே" என்றார் மொஸெல். "எல்லாரும் நல்லவங்கதான், சன்னாசி. ஆனா சொல்லல. பின்னாடி ஆள் குறைஞ்சப்ப உங்க குடும்பத்தையே மறுபடி கூப்பிடலாமான்னு ஒரு பேச்சு வந்துச்சு. அதுக்குள்ள நீங்க சங்கம் வச்சிட்டீங்க."

நிறுவனர் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். ஒன்பது பெயர்களுக்குக் கீழே, அவர்களுடைய எழுத்தில், வலமிருந்து இடமாக, பத்தாவது பெயரை விரல் வைத்து வாசித்தார்: இ-ரு-ள-ப்-பன். நான்காவது குழி என்னோடு வரும், பத்தாவது வராது, உங்களுக்கு நான் தேவையில்லை என்றார்.

பத்து நாள் கழித்து மொஸெல் புறப்பட்டார். லைன் வீட்டு ஆட்கள் எல்லாரும் சாலையில் வந்து நின்றார்கள்; வழியனுப்ப வந்தவர்கள் பாதிப்பேர், குழி என்னாகும் என்று அறிய வந்தவர்கள் மீதிப்பேர். சன்னாசி காரின் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"சாப்பிட்டீங்களா, மொஸெல் அம்மா?"

அந்த அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "இல்ல" என்றார். "வழியில பார்த்துக்கிறேன்."

மறுநாள் நான்காவது குழி இல்லை. பத்தாவதில் அந்தோணிராசு கையை விட்டார்; முழங்கை வரை போனது.

வட்டாட்சியர் வந்தார், கம்பெனி ஆள் குடை பிடித்தபடி கூட வந்தார். குழியை அளந்தார்கள். பதிவேட்டை, கோயம்புத்தூரிலிருந்து அந்த எழுத்து தெரிந்த ஒரு பாதிரியாரை வரவழைத்து, எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தார்கள். நிறுவியவர் இருளப்பன், வாரிசு சன்னாசி. கம்பெனி ஆள் குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். வட்டாட்சியர் படிவத்தை நீட்டினார். உறுப்பினர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து, செயலாளர் என்ற இடத்தில் ஒன்று, தலைவர் என்ற இடத்தில் ஒன்று. வேறு ஆள் இல்லாததால் மூன்றும் சன்னாசியே போட வேண்டியிருந்தது. தனி உடைமை ஒழிய வேண்டும் என்று ஐம்பது வருஷம் எழுதிய கை, உரிமையாளர் தரப்பில் தன் பெயரை மூன்று முறை எழுதியது. நூற்றுப் பதினோரு பேர் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் அவர் எதையோ கேட்க முயன்றார், பழைய கைதட்டலில் இருந்த ஒன்றை; அது அதில் இல்லை.

இருபத்திரண்டு குடும்பத்துக்கும் ஆளுக்கொரு குழி இருந்தால் தான் ஒருவன் மட்டும் இதைச் சுமக்க வேண்டாம் என்று அவர் யோசித்தார். எல்லாரையும் வரவழைத்து, அவரவர் கையால் முதல் மண்வெட்டி போட வைத்து, இருபத்திரண்டு குழிகளை ஒரே நாளில் வெட்டினார்கள்; குலவை போட்டார்கள், பாயசம் வைத்தார்கள். விடிந்தபோது இருபத்திரண்டும் ஆறியிருந்தன. மொஸெலுக்கு எழுதிக் கேட்டார். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. எண்ணுவதற்கு முதலில் ஆள் குறைய வேண்டும், ஒருவர் இல்லாமல் ஒன்று நின்றுபோக வேண்டும், உங்களிடம்தான் எல்லாரும் இருக்கிறார்களே என்று எழுதியிருந்தார். குழி நலமாக வந்து சேர்ந்தது, பக்கத்துக் குழந்தைகள் அதில் கோலி போடுகிறார்கள். இங்கே தெருவுக்கு நூறு ஆண்கள் இருக்கிறார்கள், ஒருவரும் கதவைத் தட்டுவதில்லை.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. தலைவர் குழிக்கு அருகில் இருப்பதுதான் முறை என்று சன்னாசியின் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போய்க் கிளப் கட்டிடத்தில் வைத்தார்கள். முறை வைத்துச் சோறு கொண்டுவந்தார்கள், அவர் முழுவதும் சாப்பிடுகிறாரா என்று பார்த்தார்கள், இருமினால் டாக்டரைக் கூட்டிவந்தார்கள். தோழர் என்று கூப்பிட்டவர்கள் எப்போது ஐயா என்று கூப்பிடத் தொடங்கினார்கள் என்று அவருக்கு நினைவில்லை. ஒருநாள் கவனித்தபோது எல்லாரும் ஐயா என்றார்கள். தண்ணீர்க் குழாயடியில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள், அவர் கிட்டே வந்ததும் பேச்சு நிற்கும். சாயங்காலங்களில் கட்டிடத்தின் கூடத்தில் அவர் தனியாக உட்கார்ந்திருப்பார். பின்னறைக் கதவைத் திறந்து, கடைசி வரிசைப் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்ப்பார். ஒன்றும் தோன்றாது. எழுந்து வருவார்.

பங்குனியில் செம்மலர் போன் செய்தாள். கண்ணில் புரை முற்றிவிட்டது, இங்கே வந்து ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள், அப்படியே இங்கேயே இருந்துவிடுங்கள், போதும்ப்பா நீங்க ஊருக்கு உழைச்சது என்றாள். அவர் பார்க்கலாம் என்றார். போனை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபோது, அந்தோணிராசு மழையில் குழிக்குப் பக்கத்தில் மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்து ஒரு பையோடு சன்னாசி பஸ் நிலையத்துக்குப் போனார். பஸ் வரவில்லை, ஜீப்பில் பன்னிரண்டு பேர் வந்தார்கள். மணிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டது ஐயா என்றார் அந்தோணிராசு. ஆபரேஷன் முடிந்ததும் திரும்பி வந்துவிடுவேன் என்றார் சன்னாசி. குழி அப்படிச் சொல்லவில்லை ஐயா என்றார் அந்தோணிராசு, மிகுந்த மரியாதையோடு. சன்னாசியின் கையிலிருந்த பையை ஒருவர் வாங்கிக்கொண்டார், இன்னொருவர் கைத்தாங்கலாகப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார். கண் மருத்துவரை மலைக்கே வரவழைத்தார்கள். ஒரு கண் சரியாயிற்று.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை பதினோரு பேர் கூடத்துக்கு வந்தார்கள். அந்தோணிராசு முன்னால் நின்று ஒரு காகிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார். சன்னாசி நல்ல கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் படித்தார். பெறுநர்: கிளப் நிர்வாகம். கோரிக்கை ஒன்று, லைன் வீடுகளின் ஒழுகும் கூரைகளை மழைக்கு முன் மாற்றித் தர வேண்டும். இரண்டு, மழைக்கோட்டு. மூன்று, நிர்வாகம் எக்காரணம் கொண்டும் குறும்பாறை எல்லையைத் தாண்டிச் செல்வதில்லை என எழுத்து மூலம் உறுதியளிக்க வேண்டும். ஏழு நாட்களுக்குள் பதில் இல்லையேல் போராட்டம். வாக்கியங்கள் நேராக இருந்தன, ஒரு சொல் கூடுதலில்லை.

"யார் எழுதினது?"

"நாங்கதான் ஐயா. எல்லாரும் சேர்ந்து."

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றார் சன்னாசி. உண்மையாகவே பெருமையாக இருந்தது அவருக்கு. அந்தப் பெருமையைச் சொல்ல எதிரே ஒரு தோழர் இல்லை. அவர் பேனாவை எடுத்தார். முதலாவதுக்கு நேரே சம்மதம் என்று எழுதினார். இரண்டாவதுக்கு நேரே சம்மதம் என்று எழுதினார். மூன்றாவதில் பேனா நின்றது. திருப்பூரில் மகள் கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டிருப்பதாகச் சொல்லியிருந்தாள். அவர்களை நிமிர்ந்து பார்த்தார். பதினோரு முகங்கள், எல்லாம் அவர் தோளில் தூக்கி வளர்த்த முகங்கள், ஒன்றுகூட அவர் கண்ணைப் பார்க்கவில்லை, பேனாவைப் பார்த்தன. சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"உட்காருங்கப்பா" என்றார். கூடத்தில் நாற்காலிகள் நிறைய இருந்தன. "கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போங்க. பேசுவோம்."

யாரும் உட்காரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் நிற்கும்போது தான் மட்டும் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் அவர் எதிர்த்த காட்சி அது. நாற்காலியின் கையைப் பிடித்து, இறங்கிய தோளை இழுத்துக்கொண்டு, மெல்ல எழுந்து, அவர்களைப் போலவே, அவர்களுக்கு எதிரே நின்றார்.

அவர் எழுந்ததைப் பார்த்ததும், நிர்வாகம் பேச்சை முடித்துக்கொண்டது என்று எடுத்துக்கொண்டு, பதினோரு பேரும் வணக்கம் ஐயா என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராக வெளியே போனார்கள்.